ஆலக்குடியாள்

பூதலூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் பட்டாவையும் பத்திரத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது மொய் நோட்டு. பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டியிலோ, புழங்காத அண்டாவுக்குள்ளோ, எங்காவது ஒன்று இருக்கும். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதனால் யாரும் அந்த நோட்டைத் தூக்கிப் போட மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் கிடைத்தது 1956-இல் நடந்த பெரியத்தை கல்யாணத்து நோட்டு. நீளவாக்கில் மடித்துத் தைத்தது, அட்டை போய்விட்டது. மேலே பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள் தடவிய தடம். குலதெய்வத்தின் பேரில் ஒரு ரூபாய் வைத்துக் கணக்கு ஆரம்பிக்கிறது. அடுத்து தாய்மாமன் சீர். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக ஊர், பெயர், ரூபாய். எட்டணா எழுதியவர்களும் உண்டு. நாட்டில் நயா பைசா வந்தது மறு வருஷம்தான். எழுதியவர் யாரோ, நல்ல கணக்குப்பிள்ளைக் கையெழுத்து. ஆள் பெயரை எழுதுவதற்கு முன்னால் ஊரை எழுதியிருக்கிறார். மாரனேரி, சித்திரக்குடி, கடம்பங்குடி, செங்கிப்பட்டி. இந்த நோட்டை வைத்துக்கொண்டு வரைபடத்தில் புள்ளி வைத்தால், குடும்பம் எந்தெந்த ஊரில் பெண் எடுத்தது, எங்கெங்கே பெண் கொடுத்தது என்று அப்படியே தெரியும். ரயிலிலோ வண்டியிலோ விடிந்து கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடக்கூடிய தூரத்தில்தான் அத்தனை சம்பந்தமும்.

ஒரு பக்கம் முழுக்க ஆலக்குடி. தஞ்சாவூர் போகிற வழியில் பூதலூருக்கு அடுத்த ஸ்டேஷன். அங்கிருந்து மட்டும் ஏன் இத்தனை பேர் என்று சின்னத்தையிடம் கேட்டேன்.

“ஒங்க பாட்டனாரைப் பெத்தவங்க ஆலக்குடியில பொறந்தவங்கல்ல? அவங்க அண்ணன் தம்பி வகையறா.”

“அவங்க பேரு என்னத்தை?”

“ஆலக்குடியான்னு சொல்லுவாங்க.”

“அது ஊரு. பேரு?”

அத்தைக்குத் தெரியவில்லை. சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. பிறந்த ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். வாழவந்த வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிடுவாரில்லை. ஊரே பெயராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இன்றும் கண்டியூர்ப் பெரியம்மா, செங்கிப்பட்டி அத்தாச்சி என்றுதான் பேச்சு. எத்தனையோ பெரியம்மாக்களின் உண்மையான பெயரை அவர்களுடைய கருமாதிப் பத்திரிகையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

ஆண்களைத் தேடுவது இவ்வளவு சிரமமில்லை. நிலம் இருந்தால் பெயர் இருக்கும். பழைய கிரயப் பத்திரங்களில் இன்னார் மகன் இன்னார் என்று தொடங்கி, சொத்து விவரத்தில் நான்கு மால் வரும். கிழக்கு மால் இன்னார் நஞ்சை, மேற்கு மால் வாய்க்கால் என்று போகும். அந்த இன்னார் பெரும்பாலும் பங்காளிதான். அப்பன் காலத்தில் அண்ணன் தம்பிக்குள் பிரித்துக்கொண்ட வரப்பு, மகன் காலத்துப் பத்திரத்தில் எல்லையாக வந்து நிற்கும். ஒரு பத்திரத்தைப் பொறுமையாகப் படித்தால் வம்சத்தின் பக்கக் கிளைகளும் சேர்ந்து கிடைக்கும். மாவும் குழியுமாக எழுதியிருப்பார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்.

எங்கள் பாட்டன் காலத்து இரண்டு பத்திரங்களில் ஒரே நிலம் வருகிறது. முதலாவதில் புஞ்சை, பின்னதில் நஞ்சை. நடுவில் 1934 இருக்கிறது. அந்த வருஷம் மேட்டூர் அணை திறந்தது. கல்லணையிலிருந்து புதிதாக வெட்டிய கால்வாயிலும் தண்ணீர் வந்தது. தொண்ணூறு வருஷமாகியும் எங்களுக்கு அது புது ஆறுதான். வடக்கே வெண்ணாற்றுப் பாய்ச்சல் நிலம், தெற்கே வல்லம், செங்கிப்பட்டி வரை செம்மண் மேடு. இரண்டுக்கும் நடுவில் கிடந்த புஞ்சைக்காரர்களை நெல் விவசாயிகளாக ஆக்கியது இந்த ஆறு. தஞ்சாவூர்க்காரன் என்றாலே சோழர் காலத்திலிருந்து நாற்று நட்டவன் என்று வெளியில் நினைக்கிறார்கள். மேட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் வரகும் கேழ்வரகும் தின்று வளர்ந்தவை. நெல் எங்களுக்கு நாலு தலைமுறைச் சொந்தம். ஒரு குடும்பத்தின் சரித்திரத்தில் தாத்தாவின் பெயரைவிட இது பெரிய செய்தி என்பது என் கட்சி. சோறு மாறியது, வேலை மாறியது, பெண் கேட்டு வருகிற ஊர்களும் மாறின.

பிறந்த தேதிகள் மட்டும் பத்திரத்தில் இராது. அதற்குத் தண்ணீரையும் காற்றையும்தான் கேட்க வேண்டும். 1924-இல் காவிரி பெருகிய வெள்ளத்துக்கு முந்தின வருஷம் பிறந்தவர், 1952 புயலின்போது கைக்குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. ஊரில் இவற்றையெல்லாம் மனசில் வைத்திருந்தவர் கர்ணம். எந்தச் சர்வே எண் யாரிடமிருந்து யாருக்குப் போனது, யாருக்கு எத்தனை தாரம், எல்லாம் சொல்வார். 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழித்தது. பரம்பரைப் பதவி போக வேண்டியதுதான். பதிவேடுகள் புதியவர்கள் கைக்கு வந்தன. ஓரத்தில் எழுதப்படாமல் இருந்ததெல்லாம் அந்தக் கிழவர்களோடு போயிற்று.

இந்த வேலையைச் செய்து பார்த்த பிறகு, அமெரிக்காவின் நடுப்பகுதியில் அயோவா, நெப்ராஸ்கா விவசாயக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடும் முறையைப் படித்தேன். 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கர் வாங்கிக் குடியேறியவர்களின் விண்ணப்பக் கட்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1850 முதல் மக்கள்தொகைக் கணக்கில், அடிமைகளை விட்டுவிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். 72 வருஷம் கழித்து அதை யாரும் பார்க்கலாம். 1950-ஆம் வருஷக் கணக்கு 2022-இல் திறந்தது. வீட்டுப் பைபிளின் முதல் தாள்களில் பிறப்பும் இறப்பும் இருக்கும், கல்லறையில் பெயர் இருக்கும். நமக்கோ தனி ஆட்களின் மக்கள்தொகை விவரம் சட்டப்படி ரகசியம். கல்லறையும் இல்லை, எரித்துச் சாம்பலைக் காவிரியில் கரைத்துவிடுகிறோம்.

அவர்களுக்கும் ஒரு முட்டுச்சந்து உண்டு. மனைவியின் பெயர் மேரி என்று தெரியும். எந்தக் குடும்பத்தில் பிறந்தவள் என்பது தெரியாது, கல்யாணத்தோடு பிறந்த வீட்டுப் பெயர் போய்விடும். நம்மிடம் நேர் தலைகீழ். எந்த ஊர்ப் பெண் என்று மொய் நோட்டு சொல்லிவிடும். அவள் யார் என்று சொல்லாது.

திருக்காட்டுப்பள்ளியை அடுத்த பூண்டி, மைக்கேல்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க விவசாயக் குடும்பங்களுக்கு இந்தத் துன்பம் குறைவு. ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயரோடு தாய் பெயரும் எழுதுவது மாதா கோயில் வழக்கம். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லையே என்று பல தடவை ஏங்கியிருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் நிலத்தில் உழுது நட்டவர்கள் யார்? பத்திரத்தில் இல்லை, நான்கு மாலில் இல்லை, 1956 மொய் நோட்டிலும் இல்லை. பந்திக்குக் கூப்பிடாதவர்களிடம் மொய் வாங்க மாட்டார்கள். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்து, குடிசை போட்டிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கியது. பல குடும்பங்களின் பெயர் ஊர்க் கணக்கில் முதன்முதலாக ஏறியது அந்த மனைப் பட்டாவில்தான். அவர்களுடைய பேரன் பேத்திகள் பூர்வீகம் தேடினால் எதைத் திறப்பார்கள்? எங்கள் வீட்டுச் சரித்திரம் என்று நான் எழுதி வைப்பதில் அவர்கள் இல்லாவிட்டால் அது பாதிக் கணக்கு.

சரித்திரம் எழுத வேண்டும் என்ற ஆசை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு சாலையில் இருக்கிற நடுக்காவேரியில் 1884-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ந.மு. வேங்கடசாமி நாட்டார். கல்லூரிப் பக்கம் போகாமல் தாமே படித்து, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வு எழுதித் தேறியவர். 1923-இல் ‘கள்ளர் சரித்திரம்’ எழுதினார். அதில் வாண்டையார், சோழகர், மழவராயர், சேதுராயர் என்று பட்டப்பெயர்களைத் தேடித் திரட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரே பட்டத்துக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லாததால், பங்காளி யார், சம்பந்தி யார் என்று பட்டம் சொல்லிவிடும். தேடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. பட்டமும் ஆண் வழியில்தான் இறங்குகிறது.

நோட்டின் பின்பக்கங்களில் ஒரு வரி: மலேயாவில் இருக்கிறவர் பேருக்கு அவர் தம்பி ஐந்து ரூபாய். அந்த நோட்டில் தாய்மாமனை விட்டால் அதுதான் பெரிய தொகை. பூதலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் தஞ்சாவூர் வழியாக நேரே நாகப்பட்டினம். 1860-களின் தொடக்கத்திலேயே போட்ட தடம் அது. அங்கே ரஜூலா கப்பல், பிறகு பினாங்கு. ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. ஆனால் ஊர்க் கல்யாணத்தில் அவர் பேர் விட்டுப்போகக் கூடாதென்று தம்பி கருத்தாக எழுதவைத்திருக்கிறார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. கடல் கடந்து போனவருக்குக்கூட நோட்டில் பெயர் இருக்கிறது. அடுப்படியிலேயே இருந்தவருக்கு இல்லை.

இதே யோசனையோடு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனேன். அங்கே இரண்டு வகைக் குடும்பக் கணக்கு கல்லில் இருக்கிறது. ஒன்று, இரண்டாம் சரபோஜி 1803-இல் மராத்தியில் வெட்டவைத்த போன்ஸ்லே வம்ச சரித்திரம். சுற்று மாளிகைச் சுவரில் நீளமாக ஓடுகிறது. ராஜா வீட்டு விஷயம். என்னை நிறுத்தியது மற்றொன்று, வெளிச்சுவரில் ராஜராஜன் வெட்டவைத்த தளிச்சேரிக் கல்வெட்டு. சோழமண்டலத்துக் கோயில்களிலிருந்து நானூறு பெண்களைக் கொண்டுவந்து பெரிய கோயிலைச் சுற்றிக் குடிவைத்த கணக்கு அது. ஒவ்வொருத்திக்கும் எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று இருக்கிறது. எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்று இருக்கிறது. நக்கன் என்று முன்னால் போட்டு அவளுடைய பெயர் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல்.

நானூறு பேர். ஒருத்தியைக்கூட ‘திருவையாற்றாள்’ என்று எழுதி முடித்துவிடவில்லை. அரசன் ஆணையில் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், அதில் அவர்களுடைய சம்மதம் எவ்வளவு என்று கல் சொல்லவில்லை. எழுதியதும் அவர்கள்மேல் உள்ள பிரியத்தால் இல்லை. நெல் அளக்க வேண்டும், யாருக்கு அளந்தோம் என்று கணக்கு வேண்டும். ஆனாலும் ஆயிரம் வருஷத்துக்கு முன் திருவாரூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெயரையும் வீட்டையும் இன்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை படித்துச் சொல்லலாம். நூறு வருஷத்துக்கு முன் ஆலக்குடியிலிருந்து வந்து எங்கள் வம்சத்தையே பெற்றுப் போட்டவருக்கு அது வாய்க்கவில்லை. அவருக்கென்று யாரும் பங்கு நெல் அளக்கவில்லை. குடும்பத்துக்கே அளந்து போட்டவர் அவர். அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது எனக்கு வந்தது கோபம்தான்.

ஆடி அமாவாசைக்குத் திருவையாறு புஷ்ய மண்டபத் துறையில் உட்கார்ந்தால், புரோகிதர் அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று பெயர் கேட்பார். தடங்கலின்றிச் சொல்லிவிடுவேன். பிறகு பெண்கள் வரிசை. மூன்றாவதில் நின்றுபோனேன். “தெரியலைன்னா காவேரின்னு சொல்லுங்க” என்றார். என்னைப் போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு எழுந்தேன். காவேரி நல்ல பெயர்தான், ஆனால் அவர் பெயர் அதுவல்ல.

ஒரு வழி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பார்கள். மருமகள் தன் மாமியாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால், அந்தப் பேத்தியை வீட்டில் பாப்பா, குட்டி என்று வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெரியத்தை ஆயுசு முழுக்கப் பாப்பாதான். சின்னத்தைக்கும் வீட்டில் வேறு பெயர். கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும் இருவருக்கும் முறையான பெயர் உண்டு. இரண்டில் ஒன்று ஆலக்குடியாளுடையதாக இருக்க வேண்டும், மற்றது அம்மா வழிப் பாட்டியுடையது. மூத்த பேத்திக்குத்தான் அப்பாயி பெயர் வைப்பது முறை. ஆனால் பெரியத்தை பிறந்தது அம்மாயி செத்த வருஷம், அதனால் முறை மாறியிருக்கலாம் என்கிறார் சின்னத்தை. “எனக்கு வச்சது எங்க அப்பாயி பேருன்னும் சொல்லுவாங்க, சாமி பேருன்னும் சொல்லுவாங்க. அப்பல்லாம் யாரு கேட்டா?”

ஆகவே என்னிடம் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எது என்று உறுதியாகும்வரை எங்கேயும் எழுதப் போவதில்லை. ஆலக்குடியில் அந்த வகையறாவில் தொண்ணூறு வயதை நெருங்கும் ஒருவர் இருக்கிறார். நோட்டில் இரண்டு ரூபாய் எழுதியவரின் மகன். சம்பா அறுவடை முடிந்து களத்துக்கு வந்த நெல்லையெல்லாம் மூட்டை கட்டிய பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்து பேசுவாராம். தை கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார். அவருடைய அத்தை பெயரைக் கேட்டுவிட்டு, அந்த அத்தையைப் பெற்றவரின் பெயரையும் கேட்க வேண்டும். அவரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஆலக்குடிக்கு வந்தவர்தானே.