ஆறு கடல் சேரும் இடத்தில்

மாரண்டஹள்ளியில் பிறந்தோர்க்குக் கடல் என்பது நிலப்படத்தில் நீலம் தீட்டிய ஒரு பகுதி, அவ்வளவே. கேழ்வரகும் தக்காளியும் மாவும் விளையும் மேட்டு நிலம் எங்களுடையது. ஆயினும் கடலோடு எமக்கு ஓர் உறவு உண்டு. பஞ்சப்பள்ளி அணையில் தேங்கும் சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலை அடைகிறது. பள்ளியில் கற்ற இச்செய்தியை நான் வீட்டில் ஒப்பித்த நாள்முதல் என் பாட்டிக்கு ஓர் ஆவல் பிறந்தது. "நம்ம ஆத்துத் தண்ணி போய்ச் சேர்ற இடத்தை ஒருதரம் பார்த்துடணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

1994 ஆம் ஆண்டுக் காலாண்டு விடுமுறையில் அது கைகூடிற்று. புரட்டாசி மாதம். மேலைநாட்டார் இலையுதிர் காலம் என்னும் அந்நாள்களில் எம்மூரில் இலை உதிர்வதில்லை. மழை கண்டு மானாவாரிக் காடுகள் பசுமை கொள்ளும். காட்டு வேலை மிகுந்திருந்தமையால் தந்தையார் வரவில்லை. தாயார், பாட்டி, தங்கை, நான். அடுத்த வீட்டார் நால்வர். அவர்களுள் என் வகுப்புத் தோழனும் ஒருவன். கட்டுச்சோற்று மூட்டையோடு பேருந்து ஏறினோம்.

முசிறிக்குப் பின் சாலை காவிரியை ஒட்டியே செல்கிறது. ஆற்றின் அகலம் கண்டு பாட்டி வாயடைத்துப் போனார். திருச்சியை நெருங்குகையில் ஒரு பாலம் கடந்தோம்; சற்றுத் தொலைவில் மற்றொரு பாலம். "எத்தனை ஆறு இது?" என்றார். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், அங்கே 1836 இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியதையும், கல்லணையில் வெண்ணாறு பிரிவதையும் தோழனின் தந்தையார் பொறுமையாக விளக்கினார். பாட்டி விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார்.

இரவு மயிலாடுதுறையில் அவர்களுடைய உறவினர் வீட்டில் தங்கி, விடியலில் பூம்புகார் சேர்ந்தோம். கடலைக் கண்ட முதற்கணம் நாங்கள் போட்ட கூச்சலை இங்கே எழுத வேண்டியதில்லை. 1973 இல் எழுப்பப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் ஓடியபடியே பார்த்தோம். கல்லில் வடித்த கண்ணகியிடம் நின்று பேசும் வயதன்று அது. எனக்கு ஏமாற்றம் அளித்தது காவிரிதான். ஒகேனக்கல்லில் பாறைகளை அதிரவைத்து வீழும் ஆறு, இங்கே ஒரு வாய்க்காலைப்போல் ஒடுங்கி மணலில் நெளிந்து கிடந்தது. பாட்டிக்கு வியப்பில்லை. "இத்தனை ஊருக்கும் கொடுத்துட்டு வந்தவகிட்ட என்ன மிச்சம் இருக்கும்?" என்றார். பிறகு குனிந்து, அலை நீரை நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, "மிச்சமிருந்த நல்ல தண்ணியும் இப்படி வீணாப் போகுதே" என்று முகம் சுளித்தார்.

அருகே கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நிமிர்ந்தார். "வீணா? ஆத்துத் தண்ணி வந்தாத்தாம்மா முகத்துவாரத்துல எறாக் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளரும். அது நின்னா எங்க கூடை காலி. கிணத்துலயும் உப்பு ஏறிடும்."

பாட்டி விட்டுக்கொடுப்பவர் அல்லர். நல்ல தண்ணீருக்காக ஒரு குடத்தைச் சுமந்து தாம் நடந்த தொலைவை எடுத்துரைத்தார். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. பிள்ளைகளின் பல்லில் படியும் பழுப்புக்கறையை என் தங்கையின் வாயைத் திறந்தே காட்டினார். மூதாட்டி அவள் முகவாயைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அதன்பின் இருவரும் அமர்ந்து வெற்றிலை மென்றனர். வழக்கு முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் அலையில் ஆடிக் களைத்துத் திரும்பியபோதும் பேச்சு ஓயவில்லை. புறப்படுகையில் பாட்டியின் பையில் ஒரு பொட்டலம் கருவாடு ஏறியிருந்தது.

அந்த வழக்கை உயர்ந்த மன்றங்களும் பேசின. காவிரி நடுவர் மன்றம் 2007 இல் தந்த இறுதித் தீர்ப்பு, 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டு, சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாது கடலில் சேர்வதென 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. எங்கள் மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் தொடங்கப்பெற்றது. இரண்டையும் காணப் பாட்டி இல்லை.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கியது. ஈராண்டு கழித்து நான் தனியே பூம்புகார் சென்றேன். கருவாடு உலர்ந்த இடத்தில் குடிசைகள் இல்லை. அம்மூதாட்டியின் பெயரைப் பாட்டி எங்களிடம் சொன்னதில்லை. பெயரில்லாமல் யாரென்று விசாரிப்பது? மீன் தரம்பிரித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தியிடம் அடையாளம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குத் தெரியவில்லை. எந்த ஊர் என்றாள். ஒகேனக்கல் பக்கம் என்றேன்.

கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அங்க தண்ணி வருதாண்ணே?"