நாக்கில் நின்று பேசும் ருசி

மேசையில் மூன்று கண்ணாடிக் கோப்பைகள். ஒன்றில் வெள்ளை ஒயின், இரண்டில் சிவப்பு. எதிலும் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் இல்லை. பக்கத்தில் துப்புவதற்கு ஒரு ஸ்டீல் பாத்திரம், வாய் கொப்பளிக்கத் தண்ணீர், ஒரு ரொட்டித் துண்டு. அப்புறம் ஒரு தாள். அதில் நாலு கட்டம்: நிறம், வாசனை, ருசி, முடிவு.

கேட்டரிங் கல்லூரியில் கடைசி வருஷம். வகுப்பில் எல்லோரும் கடகடவென்று எழுதிக்கொண்டிருக்க, புதூர்க்காரன் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எந்தப் புதூர் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் புதூருக்கா பஞ்சம்! இது கோவில்பட்டிப் பக்கம், விளாத்திகுளம் தாலுகாவில் இருக்கிற புதூர். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரிசல். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற மானாவாரி பூமி. மிளகாய், மல்லி, கம்பு, உளுந்து, பருத்தி. அந்த ஊரிலிருந்து வந்தவனுக்குத்தான் முன்னால் மூன்று கோப்பை ஒயின். குடிக்க அல்ல, ருசி பார்த்து எழுத.

ஒயின் ருசி பார்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் கோப்பையைச் சாய்த்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்து நிறம் பார்க்க வேண்டும். பிறகு தண்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். சுழற்றினால் வாசனை மேலே கிளம்பும். அதை மூக்கை விட்டு மோந்து பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கப் புரட்டி, கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுத்து, துப்பிவிட வேண்டும். துப்பிய பிறகு ருசி எத்தனை நேரம் வாயில் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். அந்தக் கடைசிச் சங்கதிக்குத்தான் 'முடிவு' என்று தனிக் கட்டம்.

செய்வதெல்லாம் சுலபம். எழுதுவதுதான் கஷ்டம்.

முதல் கோப்பை சாவிஞான் பிளாங்க். நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதியைப் பெயர் வாங்க வைத்த திராட்சை இது. நம் நாட்டில் நாசிக்கிலும் விளைகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு எழுதியிருந்த வாசனை 'கூஸ்பெர்ரி'. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கூஸ்பெர்ரி என்றால் நெல்லிக்காய் என்றுதானே படித்தோம்? அவனும் மோந்து மோந்து பார்த்தான். பெருநெல்லி இல்லை, அருநெல்லியும் இல்லை. நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்தால் வருகிற தித்திப்பும் இல்லை.

இருக்காதுதான். ஐரோப்பாக்காரர்கள் சொல்கிற கூஸ்பெர்ரி வேறு, நம் நெல்லி வேறு. இரண்டுக்கும் தாவர வகையில் எந்த உறவும் கிடையாது. யாரோ ஒருவர் மொழிபெயர்க்க, அதை எல்லோரும் மனப்பாடம் செய்ததன் விளைவு! வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அந்தக் காயைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோர் தாளிலும் 'கூஸ்பெர்ரி' இருந்தது.

அவன் தாளில் கடைசியாக எழுதியது இது: "பச்சை மிளகாயைக் காம்போடு கிள்ளினால் வரும் வாசனை."

பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான். "டேய், மிளகாய்க் காட்டுலயே இருந்தா எல்லாமே மிளகாயாத்தான் தெரியும்" என்றான். இவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அடித்துவிடலாமா என்று பேனாவைத் திருப்பினான்.

வகுப்பெடுத்தவர் தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இன்னைக்கு சொந்த மூக்கால எழுதினது நீ ஒருத்தன்தான்" என்றார்.

விஷயம் இதுதான். பச்சை மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் அந்தப் பச்சை வாசனையைக் கொடுப்பது பைரசீன் என்ற ஒரு வகைச் சேர்மம். அதே சேர்மம்தான் சாவிஞான் பிளாங்க் திராட்சையிலும் இருக்கிறது. வெயில் பட்டுப் பழம் பழுக்கப் பழுக்க அது குறையும். குளிர்ந்த பகுதியில் விளைந்தாலோ, கொஞ்சம் முன்னதாகவே பறித்தாலோ கூடுதலாக இருக்கும். ஆகவே மிளகாய் வாசனை தெரிகிறது என்றால் திராட்சை எதுவென்றும், அது எப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தது என்றும் ஊகிக்கலாம். புதூர்க்காரன் சொன்னது உளறல் இல்லை, துப்பு!

இரண்டாவது கோப்பை ஷிராஸ். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் இதற்கு சிரா என்று பெயர். ஆஸ்திரேலியா போனதும் ஷிராஸ் ஆகிவிட்டது. இதில் அவனுக்கு மிளகு வாசனை வந்தது. இடித்த குறுமிளகு, ரசத்துக்குப் போடுவது. அதுவும் சரிதான். மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மமே ஷிராஸிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

மூன்றாவது காபர்நே சாவிஞான். காபர்நே பிராங்கும் முதல் கோப்பையில் இருந்த சாவிஞான் பிளாங்கும் இதன் தாய் தகப்பன் என்பது 1997ல் மரபணுச் சோதனையில் தெரிய வந்தது. வெள்ளைத் திராட்சைக்குக் கறுப்புப் பிள்ளை! இதை வாயில் வைத்ததும் பல்லும் ஈறும் இழுத்துப் பிடித்தன. ஆங்கிலத்தில் டானின் என்று சொல்லி, அது எப்படி இருக்கும் என்று இரண்டு பக்கம் விளக்கியிருந்தார்கள். நமக்கு எதற்கு இரண்டு பக்கம்? 'துவர்ப்பு' என்று ஒரே சொல் போதும். அறுசுவையில் அதற்குத் தனி நாற்காலியே போட்டு வைத்திருக்கிறோம். நவ்வாப்பழம் தின்று நாக்கு ஊதாவாகி, வாய் வறண்டு போன எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. அதுதான் துவர்ப்பு. அவன் எழுதியது: "நன்றாகப் பழுக்காத நவ்வாப்பழம்."

இப்படிச் சொந்தச் சரக்கை எழுதலாமா என்று யாரும் கேட்கலாம். அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொன்னவர் ஒருவர் இருக்கிறார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த ஆன் நோபிள். 1984ல் அவர் ஒயின் வாசனைகளை ஒரு சக்கரமாக வரைந்து வெளியிட்டார். 'உன்னதம்', 'நேர்த்தி' மாதிரி வார்த்தைகளுக்கு அதில் இடமில்லை. யார் வேண்டுமானாலும் கையில் எடுத்து மோந்து பார்க்கக்கூடிய பொருளின் பெயராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் ஊரில் ஸ்ட்ராபெர்ரி கிடைத்தது, எழுதினார். புதூரில் நவ்வாப்பழம் கிடைக்கிறது.

மூக்கை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. பிரான்சின் போர்டோவில் ஒயின் படிக்கும் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு எழுதுகிற வாசனைகளையே எழுதினார்கள். 2001ல் வெளிவந்த ஆய்வு இது. கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. கூஸ்பெர்ரி கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

திராட்சைக்கு நம்மவர்கள் பெயர் வைக்காமலும் இல்லை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற கறுப்புத் திராட்சையின் பெயர் உலகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க். நமக்குப் பன்னீர் திராட்சை. அதை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832ல் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ரோஜாவுக்கு மணம் தருகிற ஜெரானியால் என்ற பொருள் மஸ்கட் வகைத் திராட்சைகளிலும் இருக்கிறது. எந்தச் சக்கரமும் இல்லாமல், ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டு 'பன்னீர்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரே சொல்லில் முழு ருசிக் குறிப்பு!

அந்த லீவில் அவன் ஊருக்குப் போனான். தெருக்கடையில் வாங்கி வந்த கருப்பட்டியை ஆச்சியிடம் கொடுத்தான். ஆச்சி அரிவாள்மணையின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி உடைத்தாள். உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். ஒரு சில்லை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

நிறம், வாசனை, ருசி, முடிவு. அதே நாலு கட்டம். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏய்யா, இது வேம்பாரும் இல்ல, உடன்குடியும் இல்ல. சீனி போட்டுக் காய்ச்சுனது" என்றாள் ஆச்சி.

"எப்படி ஆச்சி சொல்றீங்க?"

"உடைச்ச எடம் மினுமினுங்குது பாரு. ஓலைத் தீயில வெந்த வாடையே இல்ல. வச்சதும் இனிச்சுட்டு ஓடிப்போவுது. நல்ல கருப்பட்டின்னா அடியில லேசா ஒரு கரிப்பு இருக்கும்யா. நாக்குல நின்னு பேசும்."

'நின்னு பேசும்.' புத்தகத்தில் 'முடிவு' என்ற கட்டத்துக்கு அரைப் பக்கம் விளக்கம் இருந்தது. ஆச்சி இரண்டு சொல்லில் முடித்துவிட்டாள்.

அவள் நாக்கு படித்த பள்ளிக்கூடம் பனைதான். பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். சுண்ணாம்பு இருந்தால் இறங்குவது பதநீர். இல்லாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் வேலையைக் காட்டி அது கள் ஆகிவிடும். (திராட்சைச் சாறு ஒயினாவதும் இதே ஈஸ்ட்டின் கைங்கரியம்தான். கள் தமிழ்நாட்டில் 1987 முதல் தடையில் இருக்கிறது.) பதநீரைப் பனையோலை, சில்லாட்டை எல்லாம் போட்டு எரித்துக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். சுண்ணாம்பு கூடினால் ஒரு ருசி, தீ கூடினால் ஒரு ருசி. உடன்குடித் தேரிமண் பனைக்கு ஒரு ருசி, வேம்பார்க் கடலோரப் பனைக்கு ஒரு ருசி. பிரெஞ்சுக்காரர்கள் மண்ணின் ருசிக்கு 'தெருவார்' என்று தனிச் சொல் வைத்து உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். ஆச்சி 'வேம்பாரு' என்று ஊர்ப்பெயரைச் சொன்னாளே, அதுவும் அந்தச் சொல்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். அவர்களுடையது தாளில் ஏறிவிட்டது. இவளுடையது நாக்கோடு நின்றுவிட்டது.

இதில் என்ன நஷ்டம் என்றால், நிறைய இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் தெற்கு பிரான்சில் ஒயின் விலை படுத்துவிட்டது. விளைச்சல் கூடியது ஒரு காரணம். சர்க்கரையைப் போட்டுக் கள்ள ஒயின் தயாரித்தவர்கள் இன்னொரு காரணம். 1907ல் லாங்குடாக் பகுதி விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். மாண்ட்பெல்லியர் நகரில் லட்சக்கணக்கில் கூடினார்கள். நார்போனில் ராணுவம் சுட்டுச் சிலர் செத்தும் போனார்கள். அந்த வருஷமே கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. இன்ன ஊர்ப் பெயரைப் போட வேண்டுமானால் இன்ன மண், இன்ன திராட்சை, இன்ன முறை என்ற ஏற்பாடு 1935ல் நாடு முழுவதற்கும் வந்தது. இன்றைக்குப் பாட்டிலின் மேல் இருக்கிற அழகான ஊர்ப்பெயருக்குப் பின்னால் சீனிக்கு எதிரான ஒரு சண்டை இருக்கிறது.

அதே சீனிதான் இங்கேயும். சுத்தமான கருப்பட்டியின் விலை அதிகம், சீனி மலிவு. இரண்டையும் சேர்த்துக் காய்ச்சினால் லாபம். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறுகிறவர் எதற்கு ஏற வேண்டும்? நல்லதை நல்லது என்று சொல்லத் தெரிந்த நாக்குகள் குறையக் குறைய, நல்லதைச் செய்கிற கைகளும் குறைந்துகொண்டே போகும்.

புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பு நமக்கும் வந்திருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ல் வாங்கியது. கம்பம் பன்னீர் திராட்சை 2023ல் வாங்கியது. உடன்குடிக் கருப்பட்டியும் வாங்கியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் முத்திரை பெட்டியின் மேல்தான் இருக்கும். உள்ளே இருப்பது அதுதானா என்று நாக்குதான் சொல்ல வேண்டும். கரிசல் சொற்கள் அழிந்துபோகக் கூடாது என்று இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் அகராதி போட்டார். கரிசல் ருசிக்கும் யாராவது ஒரு அகராதி போட்டால் தேவலை.

அன்றைக்கு ராத்திரி அவன் கல்லூரி நோட்டை எடுத்தான். காபர்நேவுக்கு அடுத்த பக்கத்தில் நாலு கட்டம் போட்டான். மேலே 'கருப்பட்டி' என்று எழுதினான். நிறம்: உடைத்த இடத்தில் மினுக்கக் கூடாது. வாசனை: ஓலைப் புகை. ருசி: அடியில் கரிப்பு. முடிவு: நின்று பேசும்.

ஆச்சி விளக்குமாற்றை மூலையில் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தத் திராட்சைத் தண்ணி எப்படிய்யா இருந்துச்சு?" என்றாள்.

"நவ்வாப்பழத்தைச் சரியாப் பழுக்காமத் தின்ன மாதிரி இருந்துச்சு ஆச்சி."

ஆச்சி கொஞ்சம் யோசித்தாள். "துப்பிட்டேல்ல?" என்று கேட்டாள் :)