லயன் அறையும் ஆய்வு நெறியும்

விஞ்ஞானக் கூற்றொன்றைப் பிற கூற்றுக்களினின்றும் வேறுபடுத்துவது யாது? பொய்யாக்கப்படுவதற்கு அது இடந்தந்து நிற்றலே என்றார் கார்ல் பொப்பர், 1934 இல் வெளிவந்த தமது நூலில். வடிவமைப்பும் இந்நியதிக்கு உட்பட்டதே. வீடொன்றை வரைபவர், இத்தனை அடி இடம் ஒரு குடும்பத்துக்குப் போதும் என்னும் கருதுகோளைக் கல்லால் எழுதுகிறார். இயற்கை விஞ்ஞானம் பொருள்கள் எவ்வாறு உள்ளன என ஆராய்கிறது. வடிவமைப்போ அவை எவ்வாறு இருத்தல் வேண்டும் என ஆராய்கிறது. ஹேபேட் சைமன் 1969 இல் காட்டிய இவ்வேறுபாடு ஏற்கத்தக்கதே. ஆயினும், அந்த 'வேண்டும்' என்பதைச் சோதிப்பவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இலங்கையின் மலையக வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மலைகளில் இரு கருதுகோள்கள் நாட்டப்பட்டன. ஒன்று கோப்பி, மற்றையது லயம். காடழித்த சரிவெங்கும் இடையறாது ஒரே பயிரை வளர்க்கலாம் என்பது முதலாவது. 1869 இல் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. 1880 இல் இங்கு வந்த தாவரவியலாளர் மார்ஷல் வோட், கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து அவற்றிற் படிந்தவற்றை ஆராய்ந்து, பங்கசின் வித்திகள் காற்றுவழியே பரவுவதை நிறுவினார். துரைமார் வேண்டியது மருந்து, கிடைத்ததோ விளக்கம். எனினும் செடிகள் அளித்த விடையை எவராலும் மறுக்க இயலவில்லை. ஏறத்தாழ இரு தசாப்தங்களுள் கோப்பி சரிந்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது.

இரண்டாவது கருதுகோளுக்கு அந்நிலை நேரவில்லை. 10 அடிக்கு 12 அடி அளவான காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, சிலவிடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை: கோப்பிக் காலத்து இவ்வமைப்பு பயிர் மாறியபோது மாறவில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் உடைமை கைமாறியபோதும், 1992 இல் முகாமை கம்பனிகளிடம் சென்றபோதும் அது நிலைத்தது. பங்கசின் மறுப்பு ஏற்றுமதிக் கணக்கில் நட்டமாய்ப் பதிந்தது. குடியிருந்தோரின் மறுப்போ எந்தக் கணக்கிலும் பதியவில்லை.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் நிறுவப்பட்டது. தலவாக்கலையிலுள்ள அந்நிலையம் தேயிலையின் இனத்தையும் பசளையையும் கவாத்தையும் ஆண்டுக்கணக்காக ஒப்புநோக்கிச் சோதித்து வந்துள்ளது. செடிக்கு வாய்த்த அத்தகைய பொறுமையான அவதானம், கொழுந்து பறிக்கும் கைகள் இரவில் ஓயும் அறைக்கு அவ்வளவில் வாய்க்கவில்லை.

அட்டன், நுவரெலியாப் பகுதி லயமொன்றுக்கு ஆய்வு செய்யச் செல்லும் மாணவன் அளவு நாடாவை விரிப்பது இயல்பு. நாடா 10 என்றும் 12 என்றும் கூறும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எந்த மூலையில் விளக்கேற்றுகிறாள், மணமான மகனுக்கெனத் திரை எங்கே தொங்குகிறது, அடுப்புப் புகை எவ்வழி வெளியேறுகிறது என்பவற்றை அது கூறாது. ஆனால் சுவர்கள் கூறும். அடைக்கப்பட்ட இஸ்தோப்பும், பின்புறம் தகரத்தால் இறக்கிய சமையலறையும், இடையே எழுப்பிய பலகைத் தடுப்பும் தனித்தனி மறுப்புக்கள். வாய் திறந்து பேச வாய்ப்பற்றோர் கையால் எழுதிய ஆய்வேடு அது. அதனை ஒழுங்கீனம் என்று ஒதுக்குபவன் தரவையே எறிந்துவிடுகிறான்.

திட்டமிடுவோருக்குத் தவறிழைக்கும் உரிமை இல்லை என 1973 இல் றிட்டெலும் வெபரும் வாதிட்டனர். விஞ்ஞானியின் கருதுகோள் தோற்றால் அறிவு வளரும். கட்டியவரின் கருதுகோள் தோற்றால் ஒரு தலைமுறை அதனுள்ளேயே வாழ்ந்து தீரவேண்டும்.

அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்துள்ளன. லயத்திலிருந்து நோக்கின் அவை பெரும் முன்னேற்றமே. ஆயினும் அவையும் கருதுகோள்களே. சாவி கையளிக்கும் நாளோடு அவற்றின் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. ஐந்தாண்டு கழித்து அவ்வீட்டாரிடம் சென்று, எதை இடித்தீர்கள், எதைச் சேர்த்தீர்கள், ஏன் என வினவிக் குறித்துக்கொண்டு, அக்குறிப்பின்படி அடுத்த வரைபடத்தைத் திருத்துதல் வேண்டும். வடிவமைப்பு மாணவர் கற்க வேண்டிய ஆய்வுமுறைகளுள் முதலாவது அதுவே.