கடல் வலப்பக்கம் இருக்கட்டும்

பயணம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன பயணச்சீட்டும் பெட்டியுந்தாம். எவ்வழியாகச் செல்வது என்னும் கேள்வியை ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டுச் சன்னலோரம் அமர்ந்துகொள்கிறோம். மிதிவண்டியில் செல்பவனுக்கு அந்த வசதி இல்லை. மேடும் பள்ளமும் அவன் கால்களுக்குத் தெரியும். காற்றும் வெயிலும் அவன் முகத்திற்குத் தெரியும். எனவே, புறப்படுவதற்கு முன்பே அவன் வழியைப் படித்தாக வேண்டும். பள்ளிப் பணிகள் முடிந்த மாலை வேளைகளில், சில மாதங்களாக நான் செய்துவருவது இந்தப் படிப்பைத்தான்.

நான் படிக்கும் வழி மத்தியதரைக் கடலில், இத்தாலிக்கு உரிய சார்தீனியாத் தீவில் உள்ளது. சிசிலிக்கு அடுத்தபடியாக அக்கடலின் இரண்டாவது பெரிய தீவு அது. பரப்பளவு ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர். நம் பேரா மாநிலத்தைவிடச் சற்றுப் பெரியது என்றால் மாணவர்க்கு எளிதில் விளங்கும். அதன் வடமேற்குக் கரையில் அல்கேரோ என்னும் பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே, தேமோ ஆற்றங்கரையில் அமைந்த போசா என்னும் ஊர் வரை கடலை ஒட்டியே ஒரு சாலை செல்கிறது. நீளம் ஏறக்குறைய 46 கிலோமீட்டர். ஒரு புறம் மலை, மறுபுறம் கடல், இடையில் சாலையோரத்தில் ஓர் ஊரும் இல்லை. அப்பகுதிப் பாறை முகடுகளில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டி வாழ்கின்றன.

இவ்வழியில் என்னுடன் வர இருப்பவன் என் தம்பி. தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில், பால்மரம் வெட்டிய எங்கள் தந்தையாரின் ஒரே மிதிவண்டியில் இருவரும் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றோம். போகும்போது நான் மிதிப்பேன். வரும்போது அவன் மிதிப்பான். ஈராண்டுகளுக்கு முன் அவனுக்கு நெஞ்சுவலி கண்டு, இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தினர். உடல் தேறிய பின் அவன் மருத்துவரிடம் கேட்ட முதற்கேள்வி, இனி மிதிவண்டி ஓட்டலாமா என்பதுதான். ஓட்டலாம், ஆனால் நாடித்துடிப்பு இந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை என் வரைபடத்தின் மேலேயே வைத்துக்கொண்டுதான் திட்டம் தீட்டுகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது திசை. இத்தாலியில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. மேற்குக் கரையில் வடக்கிலிருந்து தெற்கே சென்றால் கடல் நம் வலப்பக்கம் வரும். அதாவது, கடலுக்கு அருகிலுள்ள ஓரம் நமக்கு உரியதாகும். எதிர்வரும் வாகனங்கள் காட்சியை மறைக்கமாட்டா. தீவு முழுவதையும் சுற்றுவதாயினும் இதே கணக்குத்தான்: கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். நம்மைப் போல் இடப்புறம் செல்லும் சைப்ரசிலும் மால்டாவிலும் இக்கணக்குத் தலைகீழாகும். எனவே, தொடக்கம் அல்கேரோ, முடிவு போசா.

அடுத்தது காற்று. வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்றை இத்தாலியர் மாயெஸ்திராலே என்பர். தெற்கு நோக்கிச் செல்பவனுக்கு அது துணை; திரும்பி வருபவனுக்கு அதுவே பகை. ஆகவே, ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தை விட்டேன். போசாவில் இரவு தங்குவோம். மறுநாள் காற்று அடங்கியிருந்தால் மிதிவண்டியிலேயே திரும்புவோம். இல்லையேல் வாடகை வண்டியில் ஏறிக்கொள்வோம்.

பருவம் மூன்றாவது. சூலை, ஆகஸ்டு மாதங்களின் கோடை கொடியது. 2021 சூலையில் போசாவுக்குத் தெற்கேயுள்ள மொந்திஃபெர்ரு மலைப்பகுதியைக் காட்டுத்தீ பேரளவில் அழித்தது. மே மாத இறுதியோ வெயில் தணிந்த காலம். அங்கே இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எங்கள் பள்ளி விடுமுறையும் அப்போது அமைந்தால் இரட்டிப்பு நன்மை.

ஏற்றம்தான் மிகக் கடினமான பாடம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், வரைபடத்தின் மேல் நூலை வளைத்துத் தொலைவு அளக்கவும் சம உயரக் கோடுகளைப் படிக்கவும் கற்றுக்கொண்டோம். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் மென்மை. இன்று கைப்பேசி இவற்றை நொடியில் காட்டுகிறது. எனினும், கோடுகளைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கே அந்தப் படம் பேசும். கடல் மட்டத்தில் தொடங்கும் இச்சாலை, நடுப்பகுதியில் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திற்கு ஏறிப் பின் இறங்குகிறது. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகமெனில் ஓட்டத்திற்கு நான்கு மணி நேரம். ஓய்வுக்கு இரண்டு மணி நேரம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால், கிழக்கே நிற்கும் மலைகளின் நிழலில் முதற்பகுதியைக் கடந்து, பிற்பகல் ஒரு மணிக்குப் போசாவை அடையலாம். வழியில் ஊர் இல்லாததால், தண்ணீர் முழுவதையும் அல்கேரோவிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதற்கு முன் ஒரு நாள் ஒத்திகை வேண்டும். அல்கேரோவிலிருந்து காப்போ காச்சா என்னும் பாறைமுனை வரை போய்வர ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பெரும்பகுதி சமவெளி. வழியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பால்மவேரா என்னும் கற்கோட்டை உண்டு. பாறைமுனையின் அடியில் நெப்டியூன் குகை இருக்கிறது. அதற்கு இறங்க 654 படிகள். இறங்கியவர் ஏற வேண்டுமே! எனவே, குகைக்கு மட்டும் வேறொரு நாள் துறைமுகத்திலிருந்து படகில் செல்வது என முடிவு செய்தேன்.

அல்கேரோவில் இரு நாள் கூடுதலாகத் தங்கவும் எண்ணியுள்ளேன். அதற்குக் காரணம் மொழி. 1354இல் அரகோன் மன்னர் நான்காம் பேதுரு அந்நகரைக் கைப்பற்றிக் கத்தலான் மக்களைக் குடியேற்றினார். அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களின் கத்தலான் மொழி அங்கே வாழ்கிறது. 1999ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டமொன்று அம்மொழிக்குப் பாதுகாப்பு அளித்தது. பழைய நகரின் தெருப்பெயர்கள் இரு மொழிகளிலும் உள்ளன. ஆயினும், இளையோர் நாவில் இத்தாலியமே மேலோங்கி நிற்கிறது. பெயர்ப்பலகையில் வாழும் மொழி வீட்டிலும் வாழ்கிறதா என்பதைத் தமிழாசிரியர் ஒருவர் நேரில் காண வேண்டாமா? இன்னொன்றும் உண்டு. அக்கரைக்குப் பவளக்கரை என்றே பெயர். முசிறித் துறையில் இறக்குமதியான பொருள்களுள் பவளமும் ஒன்று எனப் பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல் குறிப்பிடுகிறது. நம் முன்னோர் விரும்பி அணிந்த பவளம் அந்தக் கடலிலிருந்தும் வந்திருக்கிறது.

எல்லாம் எழுதி முடித்தும், அந்த 350 மீட்டர் ஏற்றம் மட்டும் தாளின் நடுவே நின்றது. மின்விசை மிதிவண்டியை வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். தம்பிக்கு முகம் சுருங்கியது. "அதற்குப் பெயர் சைக்கிளா அண்ணே? நீங்கள் மிதித்து வர, நான் பொம்மை போல் உட்கார்ந்து வரவா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வகுப்பில் மெதுவாகக் கற்கும் மாணவனுக்கு மட்டும் தனிப் புத்தகம் கொடுத்தால் அவன் அதைத் திறப்பதில்லை. எல்லாருக்கும் அதே புத்தகத்தைக் கொடுத்தால் மகிழ்ச்சியுடன் படிக்கிறான். முப்பது ஆண்டு ஆசிரியப் பணி எனக்குக் கற்பித்த பாடம் இது. ஆகவே, இருவருக்கும் மின்விசை மிதிவண்டியே எடுப்பது எனத் திட்டத்தைத் திருத்தினேன். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்போம், நாடி பார்ப்போம். மருத்துவர் எழுதிய எண்ணை நெருங்கினால், அந்த இடமே அன்றைய போசா. அங்கிருந்து திரும்புவதில் தோல்வி ஏதுமில்லை.

நல்ல வழித்திட்டம் வலியவனின் வேகத்தை அளவுகோலாகக் கொள்வதில்லை. உடன் வருபவர்களுள் மெலிந்தவர் மகிழ்ச்சியுடன் சென்று, நலமுடன் வீடு திரும்புவதே அதன் இலக்கு. பாடத்திட்டம் வகுப்போரும் இதனை எண்ணிப் பார்க்கலாம். சாலையில் தம்பியே முன்னால் செல்வான். வேகத்தை அவனே முடிவு செய்வான். நான் பின்தொடர்வேன். எங்கள் வலப்பக்கத்தில் கடல் வரும்.