காசுக்கு வாங்கும் லிங்க்

"டிஏ 40+, டூ-ஃபாலோ, நிரந்தர லிங்க், மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி." சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கும் யாருக்கும் இந்த மெயில் புதிதில்லை. டூ-ஃபாலோ என்றால் ரேங்க் கணக்கில் சேரும் லிங்க். டிஏ என்பது டொமைன் அத்தாரிட்டி. மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்கில் 1 முதல் 100 வரை போடும் மார்க். கூகுள் அதைப் பார்த்து ரேங்க் போடுவதில்லை. இதை கூகுள்காரர்களே பலமுறை சொல்லியாகிவிட்டது. லிங்க் சந்தையில் விலை படிவது மட்டும் அந்த மார்க்கை வைத்துத்தான்.

*

இந்த வியாபாரத்துக்கு விதை போட்டதும் கூகுள்தான். 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் பேஜ்ரேங்க்கை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை லிங்க் வருகிறது, கொடுக்கிற பக்கத்துக்கு என்ன மதிப்பு, இரண்டும் கணக்கில் சேரும். இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம். லிங்க் என்பது ஒரு ஓட்டு மாதிரி. ஓட்டுக்கு மதிப்பு வந்தால் ஓட்டுக்குக் காசும் வரும், நமக்குத் தெரியாததா?

*

காசுக்கு வாங்கும் லிங்கால் பலனே இல்லை என்று சொல்பவர்கள் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடையின் கதையைப் படிக்க வேண்டும். 2010 கடைசியில், அமெரிக்காவின் பண்டிகை விற்பனை நேரத்தில், ஆடை, படுக்கை விரிப்பு, கம்பளம் என்று எதைத் தேடினாலும் கூகுளில் இந்தக் கடைதான் மேலே. சாம்சோனைட் பெட்டியைத் தேடினால் சாம்சோனைட் கம்பெனிக்கே முன்னால் நின்றது. நியூயார்க் டைம்ஸ் ஒரு நிபுணரை வைத்துத் தோண்டியதில் 2,015 பக்கங்களில் பென்னிக்கு லிங்க் கிடைத்தது. குறட்டை, நாய், பல் மருத்துவர் பற்றிய பக்கங்களில் எல்லாம் 'ஈவினிங் டிரெஸ்ஸஸ்' என்று ஒரு லிங்க்! 2011 பிப்ரவரியில் கூகுள் ஆள் வைத்தே நடவடிக்கை எடுத்தது. இரவு ஏழு மணிக்கு அந்தப் பெட்டித் தேடலில் முதலிடம். இரண்டு மணி நேரத்தில் 71. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது பென்னி, தேடலில் மேலே கொண்டுவரும் வேலை (எஸ்.இ.ஓ.) பார்த்த நிறுவனத்தை நீக்கியது.

ஆக, அன்றைக்கு அந்த லிங்குகள் வேலை செய்தன. செய்யாமலிருந்தால் இந்த வியாபாரம் அப்போதே படுத்திருக்கும்.

*

2012 ஏப்ரலில், இப்படிப்பட்ட லிங்குகளைப் பிடிக்க, கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் ஆட்டம் கண்டது. நேற்றுவரை காசு கொடுத்து லிங்க் வாங்கியவர்கள், எடுத்துவிடுங்கள் என்று அதே பிளாக்காரர்களிடம் கெஞ்சினார்கள். எடுப்பதற்கும் சிலர் காசு கேட்டார்கள் (தொழில் தெரிந்தவர்கள்!). அந்த அக்டோபரில், 'இந்த லிங்குகளை என் கணக்கில் சேர்க்காதே' என்று சொல்ல கூகுளே ஒரு கருவி கொடுத்தது.

அதே ஆண்டு ஜனவரியில் கூகுளின் குரோம் பிரவுசருக்காகவே காசு கொடுத்து எழுதவைத்த பிளாக் பதிவுகள் பிடிபட்டன. கூகுள் தன் குரோம் பக்கத்தையே 60 நாள் கீழே இறக்கியது.

*

2016 செப்டம்பரில் பெங்குவின் போக்கு மாறியது. தண்டிப்பதைவிட, மட்டமான லிங்கைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது. எனக்கு இதுதான் மோசமாகப் படுகிறது. ஆள் வைத்துக் கொடுக்கும் தண்டனை என்றால் கூகுளின் சர்ச் கன்சோலில் நோட்டீஸாவது வரும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு தகவலும் வராது. லிங்க் விற்றவர், "மூணு மாசம் பொறுங்க சார்" என்பார். நாமும் பொறுப்போம். 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெய்ன் என்ற ஏஐ மட்டமான லிங்கைக் கழிக்கும் வேலைக்கு வந்தபோது கூகுள் தெளிவாகவே சொன்னது: அப்படிப்பட்ட லிங்கால் கிடைத்த ஏற்றம் போனால் போனதுதான், திரும்ப வராது.

போட்டியே இல்லாத தேடலில் கொஞ்ச நாள் ஏறி நிற்கும் தளங்கள் இன்றும் உண்டு. விற்பவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் அந்த நாட்களில் எடுத்தது.

*

காசு கொடுத்து லிங்க் போடுவதே தப்பு என்று கூகுள் சொல்லவில்லை. 'ஸ்பான்சர்டு' என்று குறியிட்டால் அது விளம்பரம். ரேங்க்குக்கு உதவாது, ஆள் வரலாம். மலிவு பிளாக்கில் அதுவும் நடக்காது. ஒரு பதிவு குழந்தை உணவு, அடுத்தது கிரிப்டோ, அதற்கடுத்தது பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்: இதை உட்கார்ந்து யார் படிப்பார்கள்?

பணம் அனுப்பும் முன் அந்த பிளாக்கின் நான்கைந்து பதிவுகள் எதைப் பற்றியவை என்று பார்த்து, அதே விஷயத்தை கூகுளில் தேடிப் பாருங்கள். அந்தப் பதிவுகளே எங்கும் தென்படவில்லை என்றால் மெயிலை அழித்துவிடலாம். கையோடு கூகுள் மேப்பில் உங்கள் கடையின் நேரமும் போன் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திருத்தக் காசு கிடையாது.