மனுப் போடலாமா, வேண்டாமா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் மே, ஜூன் இரண்டு மாதமும் அடுப்பில் வைத்த பால் மாதிரிதான். பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. மார்க் வரும்வரை ஒரு கவலை. வந்தபிறகு எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று இன்னொரு கவலை. ஆசைப்பட்ட கல்லூரியில் "இடமில்லை" என்று சொல்லிவிட்டாலோ, வீடே ஸ்தம்பித்துப் போகிறது. அதற்கு மேலும் கேட்கலாமா? கேட்டால் பிரயோஜனம் உண்டா? கேட்கப் போய்ப் பிள்ளைக்கு ஏதாவது கெடுதல் வந்துவிடுமா? 2024-ல் இந்தக் கேள்விகள் எங்கள் வீட்டிலும் வந்தன. நான் பத்தாவது வரை படித்தவள். சட்டம், விதி எல்லாம் தெரிந்தவள் அல்ல. ஆனாலும் நாங்கள் யோசித்த விதம் மற்றத் தாய்மார்களுக்கு உதவக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மூத்த பெண் அரசுப் பள்ளியில் படித்தவள். பிளஸ் டூவுக்கு மொத்த மதிப்பெண் 600 என்றாலும், கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் தமிழையும் ஆங்கிலத்தையும் நீக்கிவிட்டு மற்ற நான்கு பாடங்களின் மார்க்கை 400-க்குக் கணக்கிட்டுத்தான் இடம் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் அவளுக்கு 371. ரசாயனம் என்றால் அவளுக்கு உயிர். பக்கத்துப் பெரிய ஊரில், அரசு நிதியுதவி பெறும் மகளிர் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. ரசாயனத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். எங்கள் தெருமுனையில் ஏறினால் கல்லூரி வாசலில் இறக்கிவிடும் பஸ் ஒன்று உண்டு. அதோடு அரசுக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டதில் பௌதிகத்துக்கு இடம் கிடைத்தது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும்.

மகளிர் கல்லூரிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. விசாரித்தபோது அலுவலகத்தில் ஒருவர், "எய்டட்ல முடிஞ்சு போச்சும்மா. செல்ஃப் ஃபைனான்ஸ்ல ரெண்டு இடம் இருக்கு. நாளைக்குள்ள பணம் கட்டுனா உண்டு" என்றார். அதே பாடம், அதே கல்லூரி. ஆனால் வருஷத்துக்கு 35,000 ரூபாய். எய்டட் பிரிவில் என்றால் நாலாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

அன்று ராத்திரி ஆளுக்கொரு யோசனை. என் கணவர் சிமெண்டுக் கடையில் கணக்கு எழுதுகிறவர். "வளையலை வச்சுக் கட்டிடலாம், பொண்ணு முகம் வாடியிருக்கு" என்றார். நாத்தனார், "யாரையாவது பிடிச்சு ஒரு சிபாரிசுக் கடிதாசி வாங்குங்க அண்ணி" என்றாள். என் மாமியார் மட்டும், "ஏம்மா, எழுதிப்போட்டுச் சண்டை பிடிச்சு உள்ள போனா, மூணு வருஷம் அவங்க முகத்துலதானே இவ முழிக்கணும்? செய்முறை மார்க்கு அவங்க கையிலதானே இருக்கு?" என்று கேட்டார்கள். பெண்ணோ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "எடம் கெடைக்காட்டிகூடப் பரவால்லம்மா. ஏன் கெடைக்கலைன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகு பணம் கட்டுவதை நிறுத்தி வைத்தோம். மனுப் போடலாமா என்று முடிவு செய்ய எனக்கு நானே மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டேன்.

முதல் கேள்வி: விதி தவறியிருக்கிறதா, அல்லது நமக்கு ஏமாற்றம் மட்டும்தானா?

இதற்குப் பதில் கல்லூரித் தகவல் பலகையில் இருந்தது. சேர்க்கப்பட்டவர்களின் பட்டியலை மார்க்கோடும் பிரிவோடும் ஒட்டியிருந்தார்கள். பெண் அதைச் செல்போனில் படம் எடுத்து வந்திருந்தாள். தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவிகிதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. மீதி 31 சதவிகிதம் பொதுப் பிரிவு. நம்மில் பலர் இந்தப் பொதுப் பிரிவை வேறு யாருக்கோ ஒதுக்கியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல; எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் மார்க் இருந்தால் முதலில் அதில் வரலாம். அதில் வராதவர்களை அவரவர் பிரிவில் பார்ப்பார்கள். நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பொதுப் பிரிவில் கடைசி மார்க் 383. பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் கடைசியாக இடம் பெற்ற பெண்ணுக்கு 366. என் பெண்ணுக்கு 371! அப்படியானால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது.

இதையே எதிர்வீட்டுக்காரம்மாவின் நிலைமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் பையன் விண்ணப்பித்த கல்லூரியில் அவன் பிரிவின் கடைசி மார்க் 360, அவனுக்கு 352. "உங்களை மாதிரி நானும் எழுதிப்போடட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். விதிப்படி நடந்திருக்கும்போது மனுப் போட்டால் அது வெறும் கெஞ்சல்தான். பிள்ளைக்கு வீண் நம்பிக்கை, பிறகு இன்னொரு ஏமாற்றம். மார்க்கிலேயே சந்தேகம் என்றால் அதற்கு வழி வேறு. ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சை எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தப் பையன் மே மாதமே நகல் வாங்கிப் பார்த்துவிட்டான். கூட்டல் சரியாகவே இருந்தது. ஆகவே அவன் மனுவில் நேரத்தைச் செலவிடாமல் வேறு கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்தான். அதுவும் நல்ல முடிவுதான்.

இரண்டாவது கேள்வி: காத்திருக்கும் நாட்களில் கையில் இருப்பது போய்விடுமா?

அரசுக் கல்லூரியில் அந்த வாரத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். மனுவுக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்று தெரியாது. இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படுவது எனக்குப் பிடிக்காது. "முதல்ல பௌதிகத்துல சேர்ந்துடு. மனு ஒரு பக்கம் நடக்கட்டும்" என்றேன். ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டால் பணமும் சர்டிபிகேட்டும் மாட்டிக்கொள்ளுமே என்று கணவர் பயந்தார். இது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பாகவே விலகுவதாகத் தெரிவித்தால் நடைமுறைச் செலவுக்காக ஒரு சிறு தொகை போக, கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். தாமதமாக ஆகத் தொகை குறையும் என்று அதில் இருக்கிறது. நடைமுறையில் டி.சி.யை மட்டும் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் எல்லாச் சான்றிதழ்களையும் ஐந்தைந்து நகல் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே சேர்த்தோம்.

மூன்றாவது கேள்வி: இது யாருடைய மனு?

மாமியார் சொன்ன பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அகமதிப்பீட்டு மார்க் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. மூன்று வருஷம் அங்கே உட்கார்ந்து படிக்கப்போகிறவள் அவள். நம் ரோஷத்துக்காகப் பிள்ளையை முன்னால் தள்ளக் கூடாது அல்லவா? அதனால் நன்மை தீமை இரண்டையும் சொல்லி, முடிவை அவளிடமே விட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, "நானே எழுதறேம்மா. அப்பா கூட வந்தாப் போதும். சிபாரிசு எதுவும் வேண்டாம்" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சிபாரிசோடு போனால் நாம் கேட்பது சலுகை ஆகிவிடும். எங்களுக்கு வேண்டியது கணக்கு.

மனு ஒரே பக்கம்தான். விண்ணப்ப எண், மார்க், பிரிவு, பட்டியலில் அந்தப் பிரிவின் கடைசி மார்க், "எனக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வாக்கியம். யாரையும் குறை சொல்லவில்லை. குடும்பக் கஷ்டத்தையும் எழுதவில்லை. விண்ணப்பத்தின் பிரிண்ட், சாதிச் சான்றிதழ், மார்க் பட்டியல் நகல்களை இணைத்தாள். முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து, எங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டாள்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்திருந்தோம். மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும்; அதில் பெண் ஒருவராவது இருக்க வேண்டும். மார்க் வரிசைக்கு மாறாக இடம் கொடுத்தார்கள் என்ற புகாரையும் அங்கே சொல்லலாம். குழு கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால், முடிவு கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை போகும் அவசியம் எங்களுக்கு ஏற்படவில்லை.

பத்து நாளில் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர்கள் பதிவேட்டில் என் பெண்ணின் பெயருக்கு நேரே "ஓ.சி." என்று ஏறியிருந்தது. அதனால் பொதுப் பிரிவில் மட்டும் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். முதல்வர் அம்மா எங்கள் பிரிண்டையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உன் பக்கம் சரிதான்" என்றார். ஆனால் எல்லா இடமும் நிரம்பிவிட்டதால் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்தார்கள். ஆகஸ்டில் ஒரு பெண் என்ஜினீயரிங்குக்கு மாறிப்போக, அந்த இடம் இவளுக்கு வந்தது. பௌதிக வகுப்பில் சில வாரம் இருந்துவிட்டு வந்ததில் ரசாயனத்தில் விட்டுப்போன பாடங்களை இரவு விழித்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை கட்டிய கட்டணம், அலைந்த பஸ் சத்தம் எல்லாம் செலவுதான். அலுவலகத்தில் ஒருவர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாடம் நடத்தும் ஆசிரியைகளுக்கு இந்த விஷயமே தெரியாது! முதல் பருவ அகமதிப்பீட்டில் 25-க்கு 22 வந்தபிறகுதான் மாமியாருக்கு நிம்மதி.

அந்த நாட்களில் மனுவைவிட நான் அதிகம் கவனித்தது பெண்ணின் சாப்பாட்டையும் தூக்கத்தையும்தான். இந்த வயதில் ஓர் இடம் கிடைக்கவில்லை என்றால் வாழ்க்கையே போய்விட்ட மாதிரி அவர்களுக்குத் தோன்றும். "உன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்றோ, "பெரியப்பா மகளைப் பார்" என்றோ யாரும் சொல்லக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ராத்திரி அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். பிள்ளை பேசாமல், சாப்பிடாமல், தூங்காமல் நாள் கணக்கில் இருந்தால், "சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 104 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம். எந்தக் கல்லூரி இடத்தையும்விடப் பிள்ளை பெரிது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் அன்றே கோபத்தோடு போய் நிற்க வேண்டாம். அன்றே மனம் விட்டுப்போய் நகையை எடுக்கவும் வேண்டாம். பட்டியலைப் பாருங்கள். உங்கள் பிரிவின் கடைசி மார்க்குக்குக் கீழே பிள்ளை இருந்தால் அடுத்த வழியைத் தேடுங்கள். மேலே இருந்தால், கையில் கிடைத்த இடத்தில் சேர்த்துவிட்டு, பிள்ளை சம்மதித்தால் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தின் பிரிண்ட் ஒன்றை எப்போதும் பத்திரமாக வையுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டு ரூபாய் கொடுத்து எடுத்த அந்த ஒரு தாள்தான்.