போட்டாச்சு, போட்டாச்சு

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பேசுமா?" என்பதுதான். அப்பு பேச மாட்டான். கூண்டின் மேல் கட்டியிருக்கும் கொய்யாக் கிளையில் ஒரு காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவர்களை அளந்துகொண்டிருப்பான். "ஹலோ சொல்லு... பேர் சொல்லு..." என்று ஆளாளுக்குக் கெஞ்சிப் பார்ப்பார்கள். காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். வாசல் கேட்டின் கொண்டி விழுந்த சத்தம் கேட்டதோ இல்லையோ, அச்சு அசலாக வீட்டுக்கார அக்காவின் குரலில் வரும்: "போய்ட்டாங்களா?"

அக்காவுக்கு மானம் போய்விடும். "நான் எப்ப அப்படிக் கேட்டேன்?" என்பார். அவர் கணவர் சார் பதில் சொல்லாமல் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

நான் மாடியில் குடியிருக்கிறவன். சாயங்காலம் இறங்கி வந்து ஹாலில் உட்கார்ந்து அவர்கள் வீட்டுப் பேப்பரைப் படிப்பது வழக்கம். கிளியைக் கொஞ்சுவதில்லை, பேசச் சொல்வதில்லை. அதனாலேயோ என்னவோ, நான் இருக்கும்போது அவன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆப்பிரிக்க சாம்பல் கிளி. வளர்ப்பவர்கள் பேச்சில் வெறும் 'க்ரே'. அரைக் கிலோகூடத் தேறாத உடம்பு. கழுத்து, மார்பு இறகுகளுக்கு வெளுத்த ஓரம். வேறொரு பறவையிடம் இரவல் வாங்கி ஒட்டிக்கொண்டதைப் போல ரத்தச் சிவப்பில் ஒரு வால். குஞ்சாக வந்தபோது கறுத்திருந்த கண், வளர வளர வெளிறி இப்போது மஞ்சளாகிவிட்டது. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது, டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். இங்கே யாரும் எடுக்கவில்லை. 'அவன்' என்பது அக்கா எடுத்த முடிவு. சிறகை ஒருமுறை உதறினால் வெள்ளைத் தூள் பறக்கும். காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் சாயங்காலம் விரலால் கோலம் போடலாம்.

சார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கிளிக்குத் திருக்குறள் கற்றுக்கொடுத்தே தீருவது என்று வெகுநாள் முயன்றார். கூண்டின் முன் ஸ்டூல் போட்டு, முதல் குறளை நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அப்பு ஒரு சீர்கூடத் திருப்பிச் சொன்னதில்லை. சொல்லிக்கொடுக்காததையெல்லாம் எடுத்துக்கொண்டான். இன்வர்ட்டரின் பீப், சாரின் தொண்டைக் கனைப்பு, பீரோ கதவின் முனகல், குக்கர் விசில். பருப்புக்கு நாலு விசில் என்று எண்ணிக்கொண்டிருந்த அக்கா, அதில் ஒன்று ஹாலிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அக்கா அடுக்களைக்குள் மறைந்தால் போதும், அப்பு ஒரு கூர்மையான சீழ்க்கை அடிப்பான். "இருக்கேன்டா" என்று உள்ளிருந்து குரல் வந்தால் அடங்கிவிடுவான். இது கொஞ்சல் அல்ல. கூட்டமாக வாழும் பறவைக்குக் கண்ணில் படாத துணை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி தெரிந்தாக வேண்டும். பதில் வராவிட்டால் சீழ்க்கை அலறலாகும். ஆரம்பத்தில் சார் "சும்மா இரு" என்று பதிலுக்குக் கத்துவாராம். அதையும் பதிலாகவே எடுத்துக்கொண்டு அவன் இன்னும் பலமாகக் கத்தினானாம். கிளி ஓயாமல் கத்துகிறது என்று விற்றுவிடுகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் இந்தக் கச்சேரிதான் நடந்திருக்கும்.

பேச்சை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தால்தான் இந்தப் பறவை பிடிபடும். தலையைத் தாழ்த்திப் பிடரியைக் காட்டுகிறான் என்று வையுங்கள். இறகுகள் பூப்போலத் தளர்ந்து, கண் பாதி மூடியிருந்தால், 'சொறிந்து விடு' என்று அர்த்தம். அதே தாழ்ந்த தலை, அதே பிடரி. ஆனால் இறகு விறைத்து, கண்ணின் கருமணி கடுகளவாகச் சுருங்கிச் சுருங்கி விரிந்தால், விரலை எடுத்துவிட வேண்டும். போன பொங்கலுக்கு வந்த அக்காவின் தம்பி எடுக்கவில்லை. நகத்தோடு சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு, "திடீர்னு கடிச்சிருச்சு" என்றார். திடீரென்றெல்லாம் இல்லை. கடிப்பதற்கு முன் அவன் சொல்ல வேண்டிய அளவுக்குச் சொன்னதை எதிரே உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாப்பாட்டில் அவனுக்குச் சூரியகாந்தி விதைமேல் உயிர். அதையே போட்டு வளர்த்தால் கொழுப்பு சேரும், வைட்டமின் ஏ குறையும், கால்சியமும் குறையும். க்ரே இனத்துக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வந்துவிடும். அதனால் முருங்கைக்கீரை, கேரட், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடல் நுரை. பச்சை மிளகாயை இடது காலில் பிடித்து, நடுவில் பிளந்து, விதையை மட்டும் நாக்கால் வழித்துத் தின்பதைப் பார்க்க நமக்குக் கண் கலங்கும். அவனுக்கு ஒன்றும் இல்லை. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. அடுக்களையில் இப்போது நான்ஸ்டிக் தவா கிடையாது. அது காய்ந்து அளவுக்கு மீறிச் சூடேறினால் கிளம்பும் புகை, மனிதன் மூக்கில் ஏறும் முன் பறவையைக் கொன்றுவிடும். அக்காவின் மாமியார் காலத்து இரும்பு தோசைக்கல் பரணிலிருந்து இறங்கிவிட்டது. மாமியார் இருந்தபோது நடக்காத காரியம்.

புதுப் பொருள் எதுவும் அவனுக்கு ஆகாது. ஒருமுறை சிவப்புக் கைப்பிடி போட்ட புதுத் துடைப்பம் வந்தது. அதைக் கண்டு கூண்டுக்குள் அடித்துக்கொண்டு விழுந்து, ஒரு சிறகிறகு முறிந்து ரத்தம் வந்துவிட்டது. அது முதல் எதை வாங்கினாலும் முதலில் ஹாலின் எதிர் மூலையில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்துகிறார்கள். என் புதுக் குடைக்கும் இந்த மரியாதை நடந்தது.

அவர்கள் பெண் கோயம்புத்தூருக்கு ஹாஸ்டலுக்குப் போன வருடம் அவன் தன் மார்பு இறகைப் பிடுங்க ஆரம்பித்தான். முதலில் பஞ்சு, பிறகு காம்போடு. வீட்டில் அவன் கூட்டாளி அவள்தான். உண்டதைக் கக்கி ஊட்டப் பார்ப்பதும் அவளுக்குத்தான். ஆறரை மணிக்கு அக்காவின் குரலில் "பாப்பா எந்திரி, பஸ்ஸு போயிரும்" என்று தினமும் எழுப்பிக்கொண்டிருந்தான். பறவை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து நோய் எதுவும் இல்லை என்றார். வேலை கொடுங்கள், இருட்டில் பத்து மணி நேரமாவது தூங்க விடுங்கள், தினமும் தண்ணீர் தெளியுங்கள் என்றார். அன்றிலிருந்து பேப்பரில் வேர்க்கடலையைப் பொட்டலம் கட்டி ஒளித்துவைப்பது சாரின் உத்தியோகம். வாழைப்பூ ஒன்றைக் கொடுத்தால் மடல் மடலாகக் கிழிக்க ஒரு காலைப் பொழுது ஓடிவிடும். மார்பில் முக்கால்வாசி மூடிவிட்டது. நடுவில் ரூபாய் அகலத்துக்கு இன்னும் சொட்டை.

ஜன்னலுக்கு மேலே பருந்து வட்டமிட்டால் இறகையெல்லாம் ஒட்டவைத்து, குச்சியாக நீண்டு, அசையாமல் நிற்பான். பண்ணையில் முட்டையிலிருந்து வெளிவந்து, கையால் ஊட்டி வளர்ந்தவன், காடு கண்டதில்லை. அவன் இனத்தாரின் காடு மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. எண்ணெய்ப்பனைப் பழம் தின்று, அந்தியில் பெருங்கூட்டமாக அடையும் பறவை. பிசின் தடவிய கிளைகளால் பிடித்துப் பிடித்து, மரங்களையும் வெட்டி, கானாவில் 1992க்குப் பிறகு இந்த இனத்தில் 90 முதல் 99 சதவீதம் வரை போய்விட்டது. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த மாநாடு, காட்டில் பிடித்த க்ரேயை நாடு விட்டு நாடு விற்பதற்குத் தடை போட்டது. இங்கேயும் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று வந்தது. சார் கெடு தவறாமல் பதிந்து, காகிதத்தை எல்ஐசி பாண்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். அவர் அப்பா காலத்தில் திண்ணையில் பச்சைக்கிளி தொங்குமாம். நம் ஊர்க் கிளியை அடைத்தால் சட்டப்படி குற்றம். எங்கோ கிடக்கும் காட்டின் கிளிக்குப் பதிவுக் காகிதம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். காகிதத்தால் அந்தக் கூட்டம் அவனுக்குக் கிடைத்துவிடாது. இருக்கும் இரண்டு மனிதர்களையே அவன் கூட்டம் என்று வைத்துக்கொண்டிருக்கிறான்.

குறள் ஏன் ஏறவில்லை என்பதற்கு அமெரிக்காவின் ஐரீன் பெப்பர்பெர்க்கிடம் விடை இருக்கிறது. 1977இல் சிகாகோ பக்கம் ஒரு கடையில் அலெக்ஸ் என்ற க்ரேயை வாங்கி, முப்பது ஆண்டு ஆராய்ந்தவர். அவர் கிளியின் முகத்துக்கு நேரே பாடம் ஒப்பிக்கவில்லை. கிளி பார்க்க இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். ஒருவர் பொருளைக் காட்டி இது என்ன என்பார். மற்றவர் சரியாகச் சொன்னால் பொருள் அவர் கைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் திட்டு. கிளி பார்த்துக்கொண்டே இருக்கும். இப்படிப் பார்த்தே அலெக்ஸ் ஐம்பது பொருள்களின் பெயரும், ஏழு நிறங்களும், ஐந்து வடிவங்களும், ஆறு வரை எண்ணவும் கற்றது. 2007இல், முப்பத்தொரு வயதில் இறந்தது.

சாரின் குறளுக்கு அந்த ஹாலில் பதில் சொல்ல ஆள் இல்லை. அதைச் சொல்லி யாருக்கும் எதுவும் கிடைக்கவும் இல்லை. ராத்திரி எட்டு மணி மாத்திரைக்கு எல்லாம் இருந்தது. அடுக்களையிலிருந்து அக்கா, "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?" சார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போட்டாச்சு, போட்டாச்சு." தினமும் ஒரே நேரம், ஒரே ராகம், இரண்டு குரல். அப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டான்.

அது தெரிந்தது சார் பால் வாங்கப் போயிருந்த ஒரு ராத்திரி. அக்கா வழக்கம்போலக் கேட்டார். "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சாரின் குரலில், அதே அலுப்போடு பதில் வந்தது. அக்கா திருப்தியாகச் சட்னி தாளித்தார். தாளிப்பு முடிவதற்குள் சார் பால் பாக்கெட்டோடு வாசலில் வந்து நின்றார்.

இப்போது அக்கா கேட்பதோடு நிறுத்துவதில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கே வந்து, அட்டையை எடுத்து, மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுகிறார். நேற்றும் எண்ணினார். ஒன்று கூடுதலாக இருந்தது. கிளையில் அப்புவின் கருமணி சுருங்கி விரிந்தது.

"போட்டாச்சு, போட்டாச்சு."

"நீ வாயை மூடு. உங்க ரெண்டு பேரையும் நம்பி ஆகப்போறது ஒண்ணுமில்ல" என்றார் அக்கா. சார் தண்ணீருக்குக் கை நீட்டினார்.